புளியமரம் விழுந்த இடத்தில் எனக்கு வந்த பதில்

1987ஆம் வருடம் ஆவணி மாதம் முழுவதும் என் வயிற்றில் ஒன்றும் தங்கவில்லை. கஞ்சி குடித்தால் கஞ்சி வந்துவிடும். தண்ணீர் குடித்தால் தண்ணீர் வந்துவிடும். ஒரு நாளைக்கு எட்டுத் தடவை, பத்துத் தடவை வெளியே போவேன். நடுவே இருமல். இருமினால் நெஞ்சுக்குள் யாரோ சீட்டி அடிப்பதுபோல் சத்தம் வரும். முப்பத்தெட்டு வயதில் என் இடுப்பில் சேலை நிற்காமல் நழுவியது. முகம் மட்டும் இளைக்கவில்லை. முழு நிலா மாதிரி உருண்டையாக, பளபளவென்று இருந்தது. பார்த்தவர்கள், "இன்னா மரகதம், நோவு நோவுன்ற, மூஞ்சியப் பாத்தா பொண்ணு பாக்க வரலாம் போலக்குதே" என்று கேலி செய்தார்கள்.

நான் சாகப்போகிறேன் என்று எனக்கு மட்டும் தெரிந்திருந்தது.

ஆண்டவரை நம்பி வாழ்கிற என் உடன்பிறப்புகளே, நான் ஐந்தாம் வகுப்பு வரைதான் படித்தேன். அழகாக எழுத வராது. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஊர் கச்சிராயபாளையத்துக்கு மேற்கே, கல்வராயன் மலை அடிவாரத்தில் இருக்கிறது. மரவள்ளி போடுகிற குடும்பம். எங்கள் வீட்டுக்காரர் விவசாயத்தோடு எங்கள் ஊர்ச் சின்ன ஆலயத்தைக் கூட்டி, கழுவி, மணி அடிக்கிற ஊழியமும் செய்துவந்தார். இரண்டு பிள்ளைகள். மூத்தது பெண்.

அதற்கு இரண்டு வருடம் முன்பு என் கை கால் மூட்டெல்லாம் வீங்கி, ஜாக்கெட் கொக்கி மாட்டக்கூட முடியாமல் கிடந்தேன். கள்ளக்குறிச்சியில் ஒரு டாக்டரம்மா சின்ன வெள்ளை மாத்திரை கொடுத்தார்கள். பத்து நாளில் எழுந்து உட்கார்ந்து மாவாட்டினேன். அந்தச் சந்தோஷத்தில் ஆண்டவருக்கு ஒரு பொருத்தனை பண்ணினேன். இந்தக் கால் நடக்கிறவரை ஞாயிற்றுக்கிழமை ஆலயத்துக்குச் செருப்பில்லாமல்தான் வருவேன் என்று சொல்லிவிட்டேன். எங்கள் வீட்டிலிருந்து ஆலயத்துக்கு மரவள்ளிக் கொல்லை வழியாகத்தான் போக வேண்டும். மழைக்காலத்தில் செம்மண் சேறு கணுக்கால் வரை ஏறும். குளிர்ச்சியாக இருக்கும். மலையிலிருந்து மேகம் இறங்கி வந்து கூடவே நடக்கும். ஆண்டவர் என் பாதத்தைக் கையில் தாங்கிக்கொள்வதுபோல் நினைத்துக்கொள்வேன்.

வெள்ளை மாத்திரையை மட்டும் நிறுத்தவில்லை. நிறுத்தினால் மூட்டு பிடித்துக்கொள்ளும். முகம் நிலாவாக ஊதினது அந்த மாத்திரையால்தான் என்று அப்போது எனக்குத் தெரியாது.

அந்த ஆவணியில் இன்னொன்றும் நடந்தது. அதை யாரிடமும் சொல்லவில்லை. இடுப்புக்குக் கீழே, பின்பக்கத்தில், சிவப்பாக ஒரு கோடு. நூல் மாதிரி மெல்லிசு. அரிப்பு தாங்க முடியாது. காலையில் ஓர் இடத்தில் இருக்கும். மத்தியானம் தடவிப் பார்த்தால் நாலு விரல் தள்ளிப் போயிருக்கும். மறுநாள் மறைந்துவிடும். ரெண்டு நாள் கழித்து வேறு பக்கம் வரும். காய்ச்சலில் கண்ணை மூடிக் கிடக்கும்போது அந்தக் கோடு எனக்கு ஒரு ரோடாகத் தெரியும். மலையிலிருந்து இறங்குகிற சிவப்பு ரோடு. அதில் ஒருவர் வெறுங்காலோடு நடந்துகொண்டே இருப்பார். முதுகு மட்டும் தெரியும். எங்கே போறீங்க என்று கேட்பேன். திரும்பமாட்டார். கண்ணைத் திறந்தால் கூரையில் பல்லி ஒட்டிக்கொண்டிருக்கும்.

டாக்டரம்மா பெண்தான். இருந்தாலும் அந்த இடத்தைக் காட்ட எனக்கு வெட்கம். வயிற்றை மட்டும் சொன்னேன். இருமலைச் சொன்னேன். கோட்டைச் சொல்லவில்லை.

"வயித்துல பூச்சி இருக்கான்னு பாக்கணும். மலம் எடுத்துட்டுப் போய் லேப்ல குடுங்க" என்றார்கள்.

இங்கேதான் எங்கள் வீட்டுக்காரரின் நல்ல மனசு எங்களைக் கவிழ்த்தது. அவருக்குச் சுத்தம் என்றால் பினாயில். ஆலயத் தரையைச் சனிக்கிழமை தோறும் பினாயில் போட்டுக் கழுவுவார். ஞாயிறு காலையில் அந்த வாசனைதான் எங்களுக்குப் பரிசுத்த வாசனை. பழைய ஊறுகாய் பாட்டில் ஒன்றை எடுத்து மூன்று தடவை பினாயில் ஊற்றிக் குலுக்கிக் கழுவினார்.

"இந்த நாத்தத்தையா படிச்சவங்க கையில குடுக்கறது? ஒரு மட்டு மரியாத வாணாம்?" என்று சொல்லி, வாசனைக்கு இருக்கட்டும் என்று பாட்டிலின் அடியில் கொஞ்சம் விட்டும் வைத்தார். பிறகு வெள்ளைத் துணியில் சுற்றி, பைக்குள் வைத்து, பஸ் பிடித்துப் போனார். அவர் லேப்புக்குப் போய்ச் சேரப் பத்து மணி ஆகிவிட்டது. சீட்டில், பூச்சி எதுவும் இல்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். ஒரு வாரம் கழித்து மறுபடியும் கேட்டார்கள். இந்தத் தடவை பினாயில் இன்னும் கொஞ்சம் ஜாஸ்தி. அப்போதும் பூச்சி இல்லை என்றே வந்தது.

செப்டம்பர் 16, புதன்கிழமை. டாக்டரம்மா அந்த ரெண்டு சீட்டையும் பக்கத்தில் வைத்து மாறி மாறிப் பார்த்தார்கள்.

"பூச்சி இல்ல. அப்ப பழைய நோய்தான் குடலயும் நெஞ்சயும் பிடிச்சிருக்கு போல. இந்த வெள்ளை மாத்திரைய ஒண்ணுக்கு மூணா ஏத்தணும். நாளைக்கு மத்தியானச் சாப்பாட்டுலேர்ந்து ஆரம்பிங்க. இங்க வெச்சுப் பாக்கற உடம்பு இல்ல இது. புதுச்சேரி பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிடுங்க. நாளைக்கு ரோடு மறியல்னு பேசிக்கிறாங்க, சீக்கிரம் கெளம்புங்க" என்றார்கள்.

அன்றைக்கே போக வண்டி கிடைக்கவில்லை. சாயங்காலம் சபையார் வீட்டுக்கு வந்து ஜெபித்தார்கள். நானும் படுத்தபடியே ஒரே ஒரு ஜெபம்தான் பண்ணினேன். ஆண்டவரே, புதுச்சேரி வரைக்கும் எனக்கு வழியைத் திறந்துவிடும். வேறொன்றும் கேட்கவில்லை. அப்போது அடுப்பங்கரையிலிருந்து என் மகள் எட்டிப் பார்த்து, "யம்மா, கொழம்புக்குப் புளி எவ்ளோ கரைக்கணும்?" என்றாள். பன்னிரண்டு வயது. எலுமிச்சங்காய் அளவு என்று சொன்னேன். நான் இல்லாத வீட்டுக்கு அவள் இப்போதே பழகுகிறாள் என்று தோன்றியது. சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

வியாழக்கிழமை காலையில் எங்கள் சபை மூப்பர் தம்முடைய பழைய அம்பாசடர் காரை எடுத்து வந்தார். முன்னால் ஒரு வெள்ளைத் துண்டு கட்டியிருந்தார். பின்சீட்டில் நான், என் நாத்தனார் சலோமியின் மடியில் தலைவைத்துப் படுத்துக்கொண்டேன். முன்னால் எங்கள் வீட்டுக்காரர். அவர் சட்டைப்பையில் வெள்ளை மாத்திரை.

கள்ளக்குறிச்சி தாண்டியதும் உலகம் நின்றுபோனதுபோல் இருந்தது. அந்த ரோட்டை நான் அப்படிப் பார்த்ததே இல்லை. ஒரு பஸ் இல்லை. ஒரு லாரி இல்லை. நடுரோட்டில் ஆடுகள் கால் நீட்டிப் படுத்திருந்தன. யாரோ உளுந்து காயப்போட்டிருந்தார்கள். மூப்பர் அதன்மேல் ஏற்றாமல் மண்ணில் இறக்கி ஓட்டினார். கார் சத்தம் தவிர வேறு சத்தமே கிடையாது. சன்னல் வழியாகப் பார்த்தால் கல்வராயன் மலை நீலத்துணி மாதிரி தூரத்தில் தொங்கியது. நாங்கள் போகப் போக அதுவும் பின்னாலேயே வந்தது. இது காய்ச்சலா, கனவா, நான் செத்துப்போய்விட்டேனா என்று எனக்கே தெரியவில்லை. செத்துப் போனால் இப்படித்தான் அமைதியாக இருக்கும்போல என்று நினைத்துக்கொண்டேன்.

தியாகதுருகத்துக்குப் பக்கத்தில் கார் நின்றது. ரோட்டுக்குக் குறுக்கே ஒரு பெரிய புளியமரம் கிடந்தது. இலை வாடவே இல்லை. அன்றைக்குத்தான் வெட்டியிருந்தார்கள். அதன் நிழலில் நாற்பது ஐம்பது ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். சிலர் தார் மேல் சுண்ணாம்பால் கட்டம் போட்டு ஆடுபுலி ஆடிக்கொண்டிருந்தார்கள்.

நான் அரசியல் பேச வரவில்லை. தங்கள் பிள்ளைகளின் படிப்புக்கும் வேலைக்கும் இடம் ஒதுக்கச் சொல்லி அவர்கள் மறியலில் இறங்கியிருந்தார்கள். அந்த ஒரு வாரத்தில் பல பக்கமும் பல குடும்பங்கள் அழுதன. அதையும் நான் மறக்கவில்லை.

"வண்டியத் திருப்புங்க, திருப்புங்க. ஒருத்தரும் போவக் கூடாது."

"நோவாளிப்பா" என்றார் மூப்பர்.

ஒருவன் சன்னலில் குனிந்து பார்த்தான். "நோவாளியா? மூஞ்சி நல்லா கும்முனுக்குது. கல்யாணத்துக்குப் போறாப்லக்குது" என்றான். சிலர் சிரித்தார்கள்.

வயதான ஒருவர் அவனை விலக்கிவிட்டு வந்து என் புறங்கையைத் தொட்டுப் பார்த்தார். "ஏய், சும்மா இர்றா. அடுப்பாட்டம் சுடுது" என்றார். பிறகு எங்கள் வீட்டுக்காரரைப் பார்த்து, "வுடலாம்னே வெச்சுக்குவோம். மரத்த இன்னா பண்றது? இத்தத் தாண்டுனா உளுந்தூர்ப்பேட்ட வரைக்கும் இதே கணக்கா கெடக்குது. எத்தினி மரத்தத் தூக்குவீங்க?" என்று வருத்தமாகக் கேட்டார்.

எங்கள் வீட்டுக்காரர் அந்த மரத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பத்தொன்பது வருடக் குடித்தனத்தில் அவர் அழுது நான் பார்த்தது அன்றுதான்.

என்னைக் காரிலிருந்து இறக்கினார்கள். காருக்குள் புழுக்கம் தாங்கவில்லை. என் வழியை அடைத்த மரத்தின் மேலேயே நான் சாய்ந்து உட்கார்ந்தேன். பட்டையில் எறும்புகள் இன்னும் மேலே ஏறுவதாக நினைத்து வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. மரம் விழுந்தது அவற்றுக்குத் தெரியவில்லை. சலோமி தம்ளரில் தண்ணீர் ஊற்றினாள். என் உள்ளங்கையில் மூன்று மாத்திரை வைத்தாள். மணி பன்னிரண்டு இருக்கும்.

கண்ணை மூடினேன். ஆண்டவரே, வழியைத்தானே கேட்டேன். மரத்தைக் கொடுத்தீரே. இதுதான் பதிலா? இப்படித்தான் கேட்டேன். மரியாதையாகக் கேட்கவில்லை. கோபமாகத்தான் கேட்டேன். அதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

அப்போது மரத்துக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது.

"அண்ணே! நீங்க அந்த பினாயில் பாட்டில்காரர்தானே?"

ஒல்லியான ஆள். நெற்றியில் திருநீறு. சைக்கிளை மரத்தின் மேலாகத் தூக்கி அந்தப் பக்கம் இறக்கிவிட்டு, ஏறப்போகிற நேரத்தில் திரும்பிப் பார்த்திருக்கிறார். கள்ளக்குறிச்சி லேப்பில் வேலை செய்கிற ராஜமாணிக்கம். லேப்பை மூடிவிட்டதால் சொந்த ஊரான திருநாவலூருக்குச் சைக்கிளிலேயே கிளம்பிவிட்டார். அவர் மனைவிக்குத் திங்கட்கிழமைதான் பெண் குழந்தை பிறந்திருந்தது. அவர் இன்னும் பார்க்கவில்லை. கைப்பிடியில் தொங்கிய பையில் சின்னச் சட்டை ஒன்று எட்டிப் பார்த்தது.

"இன்னா தம்பி, பினாயில் பாட்டில்னா?" என்றார் எங்கள் வீட்டுக்காரர்.

"ரெண்டு தபா கொண்டாந்து குடுத்தீங்களே. தொறந்தவொடனே குப்புனு அடிச்சுது."

எங்கள் வீட்டுக்காரருக்கு அந்த நேரத்திலும் ஒரு பெருமை. "நல்லாக் கழுவித்தான் குடுத்தேன் தம்பி. அடியில கொஞ்சம் வுட்டும் வெச்சேன்."

"வுட்டு வெச்சீங்களா?" ராஜமாணிக்கம் அப்படியே மரத்தின் மேல் உட்கார்ந்துவிட்டார். "அண்ணே, பூச்சி புழு சாவட்டும்னுதானே பினாயில ஊத்துறோம்? அத்த ஊத்திட்டு, உள்ள பூச்சி இருக்குதான்னு என்னக் கேட்டா நான் இன்னாத்தச் சொல்லுவேன்?"

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். எங்கள் வீட்டுக்காரர் சிரிக்கவில்லை. அவர் முகம் செத்துவிட்டது. அதைப் பார்த்து ராஜமாணிக்கமும் சிரிப்பை விட்டார்.

"தப்பு உங்க மேல மட்டும் இல்லண்ணே. வாசன அடிச்சப்பவே நான் கேட்டிருக்கணும். கூட்டம் ஜாஸ்தி. 'இல்ல'ன்னு எழுதித் தள்ளிட்டேன்" என்றார்.

அதற்குள் அவர் கண் என் கையின் மேல் விழுந்தது. ஒரு கையில் மாத்திரை. மறு கை என்னை அறியாமல் இடுப்பைச் சொறிந்துகொண்டிருந்தது.

"அக்கா, அங்க இன்னா அரிப்பு?"

நான் கையை எடுத்துவிட்டேன். ஒன்றுமில்லை என்றேன். சலோமிதான் பொறுக்க முடியாமல் சொல்லிவிட்டாள். "கோடு கோடாக் கெடக்குது தம்பி. காலையில தண்ணி ஊத்தறப்போ பாத்தேன். யாருக்கும் சொல்லாதன்னு என் வாய அடைச்சிட்டாங்க. அண்ணி, வெக்கப்பட்டுகினே சாவப்போறீங்களா?"

ராஜமாணிக்கம் குரலைத் தாழ்த்திக்கொண்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அந்தக் கோடு நவுருதா அக்கா?"

அந்தக் கேள்வியை இன்றைக்கும் என் காதில் கேட்கிறேன். நான் யாரிடமும் சொல்லாததை, ஆண்டவரிடம்கூட வெட்கப்பட்டுச் சொல்லாததை, முன்பின் பழகாத ஒருவர் கேட்கிறார். தலையை ஆட்டினேன். காலையில ஒரு எடம், மத்தியானம் ஒரு எடம் என்றேன். மூட்டுக்குத் தின்கிற வெள்ளை மாத்திரையை இன்றிலிருந்து மூன்றாக ஏற்றச் சொன்னதையும் சலோமி சொன்னாள்.

"மெட்ராஸ்ல நான் வேல கத்துகினப்போ ஒரு பெரியவர் சொல்லுவாரு. கோடு போட்டுகினு நடக்கற புழு ஒண்ணு இருக்குது. ஈர மண்ணுல வெறுங்கால் வெச்சா தோல் வழியா ஏறிக்கும். எப்ப ஏறுச்சோ, சின்ன வயசுலயே ஏறியிருக்கலாம். வவுத்துல சும்மா கெடக்கும். உடம்புல காவக்காரன் முழிச்சிகினு இருக்கறவரைக்கும் அது வாலச் சுருட்டிகினு இருக்கும். இந்த வெள்ள மாத்திர மூட்டு வீக்கத்தயும் அடக்கும், கூடவே காவக்காரனையும் தூங்க வெச்சிடும். அப்பறம் வூடு பூரா அதும் ராச்சியந்தான். குடலு, நெஞ்சு, தோலு, எல்லா எடமும் சுத்தும். இப்ப இத மூணா ஏத்துனா..."

என் உள்ளங்கையைப் பார்த்தார்.

"நான் டாக்டரு இல்லக்கா. முழுங்காதீங்கன்னு சொல்ல எனக்கு அருகத கெடையாது. என் கண்ணால ஒரு தபா பாத்துடறேன். ரெண்டு மணி நேரம் பொறுத்துக்கோங்க. லேப்புச் சாவி என்கிட்டதான் இருக்குது."

சொல்லிவிட்டு உளுந்தூர்ப்பேட்டைப் பக்கம் ரோட்டை ஒரு தடவை பார்த்தார். பையில் தெரிந்த சின்னச் சட்டையை உள்ளே தள்ளினார். பிறகு சைக்கிளைத் தூக்கி, மரத்துக்கு மேலாக மறுபடியும் எங்கள் பக்கம் இறக்கினார். சக்கரம் தார் மேல் பட்டு டக்கென்று ஒரு சத்தம் கேட்டது.

என் ஜெபத்துக்கு வந்த பதில் அந்தச் சத்தம்தான்.

"இன்னாப்பா, கொழந்தையப் பாக்கப் போவல?" என்று பெரியவர் கேட்டார்.

"அது எங்க போவப்போவுது? எப்ப போனாலும் எம்மூஞ்சியத்தான் பாத்தாவணும், பாவம்" என்றார் ராஜமாணிக்கம். மறியல் செய்தவர்களே கயிறு கொண்டுவந்து சைக்கிளைக் காரின் மேல் கட்டிக்கொடுத்தார்கள். கல்யாணத்துக்குப் போவதுபோல் இருக்கிறது என்று கேலி பண்ணினவன்தான் இழுத்து முடிச்சுப் போட்டான்.

லேப்பில் கரண்ட் இல்லை. ராஜமாணிக்கம் மேசையைச் சன்னலோரம் நகர்த்தி, மைக்ராஸ்கோப்பின் அடியில் இருந்த சின்னக் கண்ணாடியை வெயில் பக்கம் திருப்பினார். சலோமி கையில் காய்ந்த பாட்டில் ஒன்றைக் கொடுத்தார். "இப்பவே, இங்கயே, சூடா வேணும். ஆறிப்போச்சுன்னா அதுங்க நெளியறது தெரியாது. அண்ணே, நீங்க வெளியவே நில்லுங்க. இந்தப் பக்கம் பினாயில் இருக்குது, கை சும்மா இருக்காது."

எனக்கு இருந்த வெட்கம் எல்லாம் அன்றோடு போயிற்று.

அவர் ஒரு சின்னக் கண்ணாடித் துண்டில் உப்புத்தண்ணீர் ஒரு சொட்டு விட்டு, அதில் துளி எடுத்துக் குழைத்து, மேலே மெல்லிய கண்ணாடி மூடிப் பார்த்தார். ஒன்றுமில்லை. இரண்டாவது. ஒன்றுமில்லை. மூன்றாவது. நான் பெஞ்சில் படுத்துக்கொண்டு அவர் முதுகையே பார்த்தேன். வெளியே கள்ளக்குறிச்சி ஊரே மூச்சை அடக்கிக்கொண்டதுபோல் இருந்தது. பஸ் ஸ்டாண்டுப் பக்கமிருந்து ஒரு ஹாரன் சத்தம்கூட இல்லை. நாலாவதிலும் இல்லை. "ஒண்ணு ரெண்டு கண்ணாடியில இல்லன்னா, இல்லன்னு அர்த்தம் கெடையாது. ரெண்டு தபா அப்படித்தான் எழுதி ஏமாந்தேன்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

என் கண் மூடிக்கொண்டது. அந்தச் சிவப்பு ரோடு வந்தது. வெறுங்காலோடு அவர் நடந்துகொண்டிருந்தார். எங்கே போறீங்க என்று நான் இந்தத் தடவை கேட்கவில்லை. நில்லுங்க என்றேன். அவர் நின்றார். மெதுவாகத் திரும்பினார்.

"அக்கா! எழுந்து வாங்க!"

சலோமி என்னைத் தாங்கிப் பிடித்தாள். ஒரு கண்ணை மூடிக்கொண்டு பாருங்க என்றார் ராஜமாணிக்கம். பார்த்தேன். வட்டமாக ஒரு வெளிச்சம். முழு நிலா மாதிரி. அந்த நிலாவுக்குள்ளே கண்ணாடி நூலால் செய்ததுபோல் ஒரு புழு நெளிந்து நெளிந்து நீந்திக்கொண்டிருந்தது. பக்கத்தில் இன்னொன்று. ஓரத்தில் இன்னொன்று. அருவருப்பாக இல்லை. இத்தனை நாள் இருட்டில் என்னைத் தின்றது இதுதானா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். கண்ணீர் விழுந்து வெளிச்சம் கலங்கிவிட்டது.

டாக்டரம்மா பக்கத்துத் தெருதான். நடந்தே வந்தார்கள். ரொம்ப நேரம் குனிந்து பார்த்தார்கள். நிமிர்ந்ததும் முதலில் கேட்டது, "ஏத்தின மாத்திரைய முழுங்கிட்டாங்களா?" என்றுதான். என்னிடமிருந்து வாங்கிப் பொத்தி வைத்திருந்த கையைச் சலோமி திறந்து காட்டினாள். மூன்றும் வியர்வையில் கரைந்து ஒட்டிக்கொண்டிருந்தன. டாக்டரம்மா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்கள்.

"ஏத்தியிருந்தா அந்தப் புழு எல்லா இடமும் பரவியிருக்கும். புதுச்சேரி வரைக்கும் போயிருந்தாலும்..." என்று நிறுத்தினார்கள். "பழைய மாத்திரைய ஏத்தவும் கூடாது, திடீர்னு நிறுத்தவும் கூடாது. கொஞ்சம் கொஞ்சமாத்தான் கொறைக்கணும். மொதல்ல பூச்சிக்கும் காய்ச்சலுக்கும் மருந்து" என்றார்கள்.

மருந்துக்கடை எல்லாம் பூட்டு. ஆனால் பூச்சிக்கான மாத்திரை டாக்டரம்மாவின் மேசை இழுப்பறையிலேயே இருந்தது, கம்பெனிக்காரர்கள் மாதிரிக்குக் கொடுத்துவிட்டுப் போனது. ஊசி போட்டார்கள். குளுக்கோஸ் ஏற்றினார்கள். மறியல் முடிகிறவரை டாக்டரம்மாவின் ஆஸ்பத்திரியிலேயே கிடந்தேன்.

அந்த நாட்களில் எங்கள் வீட்டுக்காரரைப் பார்க்க வேண்டும். தினமும் காலையில் காய்ந்த பாட்டிலைத் துண்டில் பொத்திக்கொண்டு, ஆறுவதற்குள் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும் என்று லேப்புக்கு ஓடுவார். "ஒத்திக்கோங்க, சூடா இருக்குது, சூடா இருக்குது" என்று கத்திக்கொண்டே போவாராம். தெருவில் இருந்தவர்கள், "இன்னாண்ணே, இட்லியா?" என்று கேட்டிருக்கிறார்கள். பினாயில் ஊற்றி மறைத்த அதே மனிதர்தான்.

மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டது. நாலாம் நாள் கஞ்சி வயிற்றில் தங்கியது. கோடு வரவில்லை. மறியலின் கடைசி நாள் காலையில் ராஜமாணிக்கம் பத்துக் கண்ணாடி பார்த்தும் ஒரு புழுகூட நெளியவில்லை. "இது போதாதுக்கா, இன்னும் ரெண்டு மூணு மாசம் அடிக்கடி பாத்துகினே இருக்கணும்" என்று சொல்லிவிட்டு, மரங்களை அகற்றியதும் முதல் ஆளாகச் சைக்கிளில் மகளைப் பார்க்கப் போனார்.

நான் வீட்டுக்குத் திரும்பினேன். குழம்பில் புளி தூக்கலாக இருந்தது. ஒரு சொட்டு விடாமல் சாப்பிட்டேன்.

பொருத்தனையைப் பற்றியும் சொல்ல வேண்டும். இனிமேல் செருப்பில்லாமல் மண்ணில் இறங்கக் கூடாது என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். எனக்கு மனசு உறுத்தியது. முதல் ஞாயிறு மரவள்ளிக் கொல்லை வரப்பில் புதுச் செருப்போடு நின்று அழுதேன். அப்போது ஒன்று விளங்கியது. வெறுங்காலோடு வா என்று ஆண்டவர் என்னிடம் கேட்கவே இல்லை. நானாகச் சொன்னேன். நானாக வெட்கப்பட்டேன். நானாகக் கோட்டை மறைத்தேன். அவர் என்னிடம் கேட்டது ஒன்றுதான், உள்ளதை உள்ளபடி சொல் என்று. அன்று செருப்போடு நடந்து, ஆலய வாசலில் கழற்றிவிட்டு உள்ளே போனேன். பினாயில் வாசனை வந்தது. எங்கள் வீட்டுக்காரர் என்னைப் பார்த்துத் தலையைக் குனிந்துகொண்டார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கும்.

இதெல்லாம் நடந்து எட்டு வருடம் ஆகிறது. வெள்ளை மாத்திரையைக் குறைத்துக் குறைத்து இப்போது பாதியில் நிற்கிறேன். முகத்தில் நிலா இறங்கிவிட்டது. என் மகளுக்குக் கல்யாணம் ஆகி, புளி அவளே கரைக்கிறாள். ராஜமாணிக்கத்தின் மகள் மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். பலாப்பழக் காலத்தில் மலைப் பழம் ஒன்று எடுத்துக்கொண்டு நாங்கள் அவர்கள் வீட்டுக்குப் போவோம். அவர்கள் தங்கள் கோயில் திருநீற்றைப் பூசிக்கொள்கிறார்கள். நாங்கள் ஜெபம் பண்ணிவிட்டு வருகிறோம். அந்தப் பிள்ளை தகப்பன் முகத்தைப் பார்க்க ஒரு வாரம் காத்திருந்ததால்தான் என் பிள்ளைகளுக்குத் தாய் இருக்கிறாள். அதனால் அவளுக்காக நான் ஜெபிக்காத நாள் கிடையாது.

அன்பானவர்களே, உங்கள் உடம்பில் ஒரு கோடு நகர்ந்தால் மறைக்காதீர்கள். டாக்டர் கேட்பதைச் சுடச்சுட, உள்ளபடியே கொடுங்கள். பினாயில் தரைக்கு. அப்படியே ஆண்டவரிடமும் கழுவித் துடைத்து வாசனை போட்டுக் கொண்டுபோகாதீர்கள். கோபம் இருந்தால் கோபத்தோடேயே போங்கள். நான் போனேன். அவர் தள்ளவில்லை.

நீங்கள் வழியைக் கேட்டு, அவர் மரத்தைப் போட்டிருக்கிறாரா? உடனே வண்டியைத் திருப்பிவிடாதீர்கள். இறங்கி அந்த மரத்தின் மேலேயே கொஞ்ச நேரம் சாய்ந்து உட்காருங்கள். அந்தப் பக்கத்தில் யாரோ ஒருவர் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு இந்தப் பக்கம் வந்துகொண்டிருக்கலாம். அந்தச் சத்தம் கேட்கிறவரை காத்திருங்கள்.